அயிலையும் தடியங்காயும்: ஸ்டார்ட் மெனுவில் நான் செய்த குளறுபடி

நம் ஆஸ்பத்திரிக் கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சேவியர் மூன்று முறை போன் செய்துவிட்டான். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படிக் கேட்டால் உழைப்பு, நேர்மை, காலந்தவறாமை என்று ஆரம்பிப்பார்கள். அதெல்லாம் உங்களிடம் இருக்கும் என்று நம்பித்தானே வேலைக்கு எடுத்திருக்கிறார்கள்! ஆகவே நான் வேறு ஒன்று சொல்கிறேன். என் சர்வீஸில் எனக்கு மொத்தம் இரண்டு மெமோ வந்தன. ஒன்று, அலுவலக நேரத்தில் மீன் வியாபாரம் செய்ததற்கு. இன்னொன்று காய்கறி விஷயமாக. இரண்டும் இரண்டு வாரத்துக்குள் வந்தன.

அப்போது நம் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு கிழட்டுக் கணினி இருந்தது. அவற்றில் ஓடிய பழைய மென்பொருள்கள் புதுக் கணினியில் ஓடமாட்டேன் என்று அடம் பிடித்தன. பெட்டிகளோ மாதம் ஒன்றாகப் படுத்துக்கொண்டிருந்தன. குளச்சலிலிருந்து வேலைக்கு வந்துபோய்க்கொண்டிருந்த சேவியர்தான் வழி சொன்னான். பதினொரு கணினிகளையும் உள்ளே இருப்பதோடு அப்படியே நகலெடுத்து, ஒரே பெரிய பெட்டிக்குள் பதினொரு மெய்நிகர் கணினிகளாகக் குடிவைத்துவிடலாம் என்றான். பிரிவுகளில் திரையும் கீபோர்டும் மட்டும் இருக்கும். உண்மையான ஓட்டமெல்லாம் நம் அறைப் பெட்டிக்குள் நடக்கும். என் மேசைக் கணினியில் ஸ்டார்ட் மெனுவைத் திறந்தால் பதினொன்றும் வரிசையாக நிற்கும். எதைத் தட்டுகிறோமோ அதன் ஜன்னல் திறக்கும். அங்கிருந்தே அதை அணைக்கலாம், எழுப்பலாம், அழிக்கவும் செய்யலாம்.

வேலை முடிந்தது. பெயர் வைக்க வேண்டும்.

"ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வச்சிருவோமா மக்கா?" என்றேன்.

"நம்பர் வச்சா யாருக்கு எக்கா ஓர்மை நிக்கும்? எங்க அப்பா வள்ளத்துல போறவராக்கும். ராத்திரி இருட்டுலயும் தடவிப் பாத்தே மீன் பேரு சொல்லுவாரு. மீனுன்னா மறக்காது."

அப்படித்தான் ரத்த வங்கியின் கணினி அயிலை ஆனது. மருந்தகத்தினுடையது சாளை. எக்ஸ்ரே படங்களைச் சேர்த்து வைக்கும் பூதாகரமான ஒன்று சூரை. இவை போக, சேவியர் சோதனைக்காக உருவாக்கி அப்படியே விட்டிருந்த, யாருக்கும் வேண்டாத பன்னிரண்டாவது ஒன்று நவரை. சின்னதெல்லாம் 'கட்டுமரம்' என்ற தொகுப்பில், நடுத்தரமெல்லாம் 'வள்ளம்', பெரிதெல்லாம் 'விசைப்படகு'. எங்கள் பிரிவில் எல்லோருக்கும் ஒரே நாளில் மனப்பாடம் ஆகிவிட்டது. எனக்கும்தான். நான் புதுக்கடைக்காரி, மீன் இல்லாமல் எங்கள் வீட்டில் இலை போடுவதில்லை.

ஒரு நாள் காலையில் மருந்தகத்தில் நின்றுகொண்டு சேவியரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். எனக்குக் குரல் கொஞ்சம் பெரிது. "சாளை செத்துப்போச்சு மக்கா. மொதல்ல சூரையப் பாரு, அது வீங்கிக் கெடக்கு. நெத்தோலி ரெண்டையும் தூக்கி ஓரமா வை, மத்தியானத்துக்கு மேல பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், நம் நிர்வாக அதிகாரி பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அவர் சுசீந்திரத்துக்காரர், சுத்த சைவம். கான்டீனில் முட்டைக்குத் தனி அலமாரி வைக்க வைத்தவர். என்னைவிட இரண்டு வயது இளையவர் என்றாலும் பத்து வயது மூத்தவர்போல நடப்பார். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். பதினோரு மணிக்கு மெமோ வந்தது. 'பணி நேரத்தில், அதுவும் மருந்தக வளாகத்தில், தாங்கள் மீன் வாங்கல் விற்றலில் ஈடுபட்டதாகத் தெரியவருகிறது. விளக்கம் தேவை.'

நான் அவரை அழைத்து வந்து என் நாற்காலியில் உட்கார வைத்து ஸ்டார்ட் மெனுவைத் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வாசித்தார்.

"என்னவாக்கும் மேடம் இது? ஆஸ்பத்திரியா, குளச்சல் ஏலக்கூடமா?"

"பேருதான சார். உள்ள ஓடுததெல்லாம் நம்ம ஆஸ்பத்திரி கணக்குதான்."

"அடுத்த திங்களும் செவ்வாயும் தரச் சான்று குடுக்க ஆளு வாராங்க. அவங்க வந்து இதைத் திறந்து பாத்தா என்ன நினைப்பாங்க? மரியாதையான பேரா மாத்துங்க."

"மரியாதையான பேருன்னா எப்படி சார்?"

"நாலு பேரு முன்னால சத்தமா சொல்லக்கூடிய பேரு."

மெமோவைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை. அதுதான் என்னைக் குடைந்தது. டைப்பிஸ்டாகச் சேர்ந்து இத்தனை வருடம் ஆகி, தலை நரைத்த பிறகு மீன் விற்றேன் என்று என் கோப்பில் ஒரு காகிதம்! சரி, உமக்கு மரியாதையான பெயர்தானே வேண்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

சேவியர் அந்தச் சனிக்கிழமை முதல் தங்கை கல்யாணத்துக்காக விடுப்பில் போய்விட்டான். சனிக்கிழமை மதியம் நான் தனியாக உட்கார்ந்து பெயர்களை மாற்றினேன். அத்தனையும் காய்கறி. வழுதலங்காய், சேனை, வெள்ளரிக்காய், முருங்கைக்காய், தடியங்காய். தொகுப்புகள் மூன்று: அவியல், எரிசேரி, துவரன். சைவ மனிதருக்குச் சைவ மெனு! என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. பாதியில் என் சிநேகிதிக்குப் போன் போட்டு வரிசையாக வாசித்துக் காட்டினேன். அவள் சிரிக்க, நான் சிரிக்க, ஒரு கையில் போனும் ஒரு கையில் மவுஸுமாக மீதியை முடித்தேன்.

இதில் நான் செய்த தப்புகளைக் கவனியுங்கள். மாற்றியது ஸ்டார்ட் மெனுவில் தெரியும் பெயரை மட்டும். உள்ளே அந்தக் கணினிகள் பழைய மீனாகவே இருந்தன. எந்த மீன் எந்தக் காய் என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டேன், சேவியரிடம் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மாற்றி முடித்தபின் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே செய்த வேலையைச் சிரிக்காமல் ஒரு தடவை சரிபார்த்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் அதிகாரி வந்து பார்த்தார். கேலி என்று அவருக்குப் புரிந்தது; முகம் சிவந்ததில் தெரிந்தது. ஆனால் எதைக் குற்றம் சொல்வது? வெண்டைக்காயை நாலு பேர் முன்னால் சத்தமாகச் சொல்லலாமே. வெகுநேரம் திரையையே பார்த்தவர் கடைசியில் ஒரு பிழையைப் பிடித்துவிட்டார்.

"எரிசேரியில முருங்கைக்காய் எப்படி வந்துச்சு?"

"சார்?"

"எரிசேரிக்கு ஏத்தங்காயும் சேனையும். முருங்கைக்காய் அவியலுக்காக்கும். இதுகூடத் தெரியாமலா?"

முருங்கைக்காயை அவர் கண் முன்னாலேயே அவியலுக்கு மாற்றினேன். திருப்தியாகப் போனார். அன்று வந்த ஆய்வுக் குழுவினர் எங்கள் அறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் பெரிய பெட்டி அலறியது. இடம் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று திரையில் சிவப்பு எழுத்து. இரண்டு நாளாக ஆய்வுக் குழுவுக்காகப் பழைய எக்ஸ்ரே படங்களையெல்லாம் உள்ளே ஏற்றியிருந்தார்கள்; சூரை வீங்கிப்போயிருந்தது. இடம் முழுக்கத் தீர்ந்தால் பன்னிரண்டும் ஒரே நேரத்தில் உறைந்து நின்றுவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கையில் முக்கால் மணி நேரம்கூட இல்லை. ஏற்கெனவே எல்லாம் நத்தைபோல நகர ஆரம்பித்திருந்தது. வரவேற்பில் டோக்கன் வரவில்லை என்று அதிகாரி மாடியேறி வந்துவிட்டார். கீழே ஆய்வுக் குழு உட்கார்ந்திருந்தது.

சேவியருக்குப் போன் போட்டேன். பின்னணியில் மாதா கோவில் மணியும் பேண்டு வாத்தியமும்.

"மக்கா, எடம் இல்ல. எதையாவது தூக்கணும். எதைத் தூக்கலாம்?"

"எக்கா, கேக்கல்ல! மேளம் அடிக்கான்!"

"எதை அழிக்கலாம்?"

"நவரைய அழிச்சிருங்க! அது வேண்டாத்த சாதனமாக்கும். பாதி எடத்த அதுதான் அடைச்சிட்டு கெடக்கு!"

துண்டுச் சீட்டைப் பார்த்தேன். நவரை என்றால் தடியங்காய். மெனுவைத் திறந்து, அவியலுக்குள் போய், தடியங்காயைத் தட்டினேன். ஜன்னல் திறந்தது. 'அழி' என்பதை அழுத்தினேன். 'உறுதியாகவா? இதைத் திரும்பப் பெற முடியாது' என்று கேட்டது. விரல் மவுஸின் மேல் இருந்தது.

"எதை அழிக்கியோ?" என்று பின்னாலிருந்து அதிகாரி கேட்டார்.

"தடியங்காய சார்."

"அது யாருக்க கணினி?"

"யாருக்கும் இல்ல. சேவியரு சோதனைக்கு வச்சது."

"யாருக்கும் இல்லைன்னு எப்படித் தெரியும்?"

அந்த அவசரத்தில் எனக்கு எரிச்சல் வந்தது. கணினியைத் திறக்கக்கூட அடுத்தவரைக் கூப்பிடும் மனிதர் எனக்குப் பாடம் எடுக்கிறாரே என்று. அவர் விடவில்லை. நிதானமாகச் சொன்னார்:

"எங்க வயப்பத்துல எந்த மடை யாரு வயலுக்குப் போகுதுன்னு சந்தேகம் வந்தா, மடையை உடைக்க மாட்டோம் மேடம். செத்த நேரம் அடைச்சு வச்சிட்டு வரப்புல நிப்போம். யாரு கத்திட்டு ஓடி வாரானோ, அவன் வயலாக்கும். இதை அடைச்சு வைக்க முடியாதா?"

முடியும். அணைத்து வைக்கலாம். ஐந்து நிமிடம் போகும், அவ்வளவுதான். அவர் வாயை அடைப்பதற்காகத்தான், சத்தியமாக அதற்காகத்தான், 'வேண்டாம்' என்று திரும்பி வந்து அதை அணைத்தேன்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. போன் அடித்தது. ரத்த வங்கியிலிருந்து ஷீபா.

"எக்கா, எங்க ஸ்கிரீன் கறுத்துப் போச்சு! தியேட்டர்ல பிரசவக் கேஸு, ரத்தம் போய்ட்டு இருக்கு, பை கேக்காங்க. எந்தப் பை ஒத்துப்போச்சுன்னு அதுல தான கெடக்கு! என்ன செஞ்சியோ?"

அப்போதுதான் ஜன்னலின் உச்சியைப் பார்த்தேன். அங்கே அதன் சொந்தப் பெயர் சின்ன எழுத்தில், முதல் நாளிலிருந்து எழுதியிருந்தபடியே இருந்தது. அயிலை.

சிநேகிதியோடு சிரித்துக்கொண்டே மாற்றியபோது வெள்ளரிக்காயும் தடியங்காயும் இடம் மாறிவிட்டன. நான் அழிக்கப் போனது ரத்த வங்கியை.

அயிலையை எழுப்பினேன். பழைய கணினியின் நகல் அல்லவா, அதற்குப் பழைய கணினியின் சோம்பல். கறுப்புத் திரை. பிறகு நீலத் திரை. பிறகு ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஷீபா போனை வைக்கவில்லை. அவள் மூச்சு எனக்குக் கேட்டது. அதிகாரி என் பக்கத்தில் நின்று, அவரும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நிமிடம். உங்களுக்கு இந்த வேலையில் என்ன நடந்தாலும் அப்படி ஒரு நாலு நிமிடம் வரக்கூடாது.

"வந்திட்டு எக்கா," என்றாள் ஷீபா. "வந்திட்டு. பையை எடுத்துக் குடுத்தாச்சு."

அடுத்ததாக வெள்ளரிக்காயைத் திறந்தேன். இந்தத் தடவை உச்சியில் இருந்த பெயரைச் சத்தமாக வாசித்தேன். "நவரை." அதை அணைத்துவிட்டு நானும் அதிகாரியும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிடம். யாரும் கத்தவில்லை. பிறகு அழித்தேன். இடம் கிடைத்தது. பெட்டி அடங்கியது. மத்தியானம் ஷீபா வந்து, தாயும் பிள்ளையும் சுகமாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனபின் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

சாயங்காலம் அதிகாரி தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் மெமோத் தாள். பேனா மூடி திறந்திருந்தது.

"சேவியருக்கு எழுதப் போறேன். அவன் மீன் பேரு வச்சதுனால வந்த வினைதான இதெல்லாம்?"

சேவியர் அங்கே இல்லை. குளச்சலில் விருந்தாளிகளுக்குப் பரிமாறிக்கொண்டிருப்பான். நான் வாயைத் திறக்காவிட்டால் விஷயம் அப்படியே முடிந்துவிடும். அதிகாரிக்கு இடம் மாறிய கதை தெரியாது. தடியங்காயும் வெள்ளரியும் என்ன செய்தன என்று கேட்கும் அளவுக்கு அவருக்கு அது புரியவும் இல்லை. ஒரு நிமிடம் சும்மா நின்றேன். உள்ளதைச் சொன்னால், ஒரு நிமிடத்துக்கும் மேலேயே நின்றேன்.

"சார், மீன் ஒண்ணும் செய்யல்ல," என்றேன். "காய்கறிதான் செஞ்சுது."

சொல்லிவிட்டேன். உங்களைக் கேலி செய்யத்தான் காய்கறி வைத்தேன், சிரித்துக்கொண்டே செய்ததில் இரண்டு மாறிவிட்டன, சரிபார்க்கவில்லை, நீங்கள் பின்னால் நிற்காவிட்டால் ரத்த வங்கியை அழித்திருப்பேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பேனாவைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப மெமோ யாருக்கு?"

"எனக்குத்தான்."

எழுதினார். ஒரு வார்த்தை குறைக்காமல் எழுதினார். கையெழுத்துப் போட்டு நீட்டும்போது மட்டும், "முருங்கைக்காய் வச்சதும் வேணும்னுதானா?" என்று கேட்டார்.

"இல்ல சார். அது எனக்கு நெசமாவே தெரியாது."

"புதுக்கடையில எரிசேரியே வைக்க மாட்டாங்களா?" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

சேவியர் வியாழக்கிழமை ஒரு டப்பா அச்சப்பத்தோடும் முந்திரிக்கொத்தோடும் வந்தான். கதையைக் கேட்டுவிட்டு, "எக்கா, எனக்க அயிலையக் கொல்லப் பாத்தியளே!" என்று நெஞ்சில் கை வைத்தான். பிறகு இருவரும் உட்கார்ந்தோம். மீனும் வேண்டாம், காயும் வேண்டாம் என்று முடிவானது. எந்தப் பிரிவினுடையதோ அந்தப் பிரிவின் பெயர். மெனுவில், ஜன்னல் உச்சியில், சுவரில் ஒட்டிய தாளில், மூன்றிலும் ஒரே பெயர். தொகுப்பதற்கு மட்டும் அதிகாரியின் மடைக் கணக்கை எடுத்துக்கொண்டோம். அளவை வைத்தும் இல்லை, மாடியை வைத்தும் இல்லை. இது நின்றால் யார் கத்துவார், எவ்வளவு சீக்கிரம் கத்துவார் என்பதை வைத்து மூன்று தொகுப்பு: 'தொடவே கூடாது', 'கேட்டுவிட்டுத் தொடு', 'தொட்டால் ஒன்றுமில்லை'. நீங்கள் இன்று ஸ்டார்ட் மெனுவைத் திறந்தால் பார்ப்பது அதைத்தான்.

ஒவ்வொரு பிரிவாகப் போய்க் கேட்டபோது ஒரு வேடிக்கை. எல்லோருக்கும் தங்களுடையது முதல் தொகுப்பில்தான் இருக்க வேண்டும். மூன்றாவது தொகுப்புக்குப் போக ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஏதோ வீட்டுப் பெயரைக் கெடுக்க வந்தவர்களைப்போல எங்களைப் பார்த்தார்கள். அதனால் நோயாளிகள் சம்பந்தப்படாத கணினிகளை மட்டும், 'இந்த வாரத்தில் ஏதாவது ஒரு நாள் நிறுத்திப் பார்ப்போம்' என்று சுற்றறிக்கை அனுப்பிவிட்டு, நாளைச் சொல்லாமல் நிறுத்தினோம். கான்டீன்காரர் ஆறு நிமிடத்தில் கத்தினார். நூலகத்திலிருந்து மறுநாள் ஒரு மெல்லிய குரல் வந்தது.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். 'நிர்வாகத் தகவல் பலகை'. எத்தனை படுக்கை நிரம்பியிருக்கிறது, எத்தனை பேர் வந்தார்கள் என்று அதிகாரியின் அறையில் ஒரு பெரிய திரையில் காட்டிக்கொண்டே இருக்கும். அது இல்லாமல் இந்த ஆஸ்பத்திரியே நடக்காது, முதல் தொகுப்பில் முதல் பெயராக வையுங்கள் என்று அவர் எழுத்தில் கேட்டிருந்தார். வைத்தோம். திங்கட்கிழமை நிறுத்தினோம். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. புதன்கிழமை மத்தியானம்வரை ஒரு சத்தமும் இல்லை.

"நீங்களே போய்ச் சொல்லுங்க எக்கா," என்றான் சேவியர். "ஒங்களுக்குத்தான் மெமோ வாங்கிப் பழக்கம்."

போனேன். அவர் கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், தகவல் பலகை எப்படி ஓடுது?"

"ரொம்ப நல்லா ஓடுது. காலைலகூடப் பாத்தேனே."

"சார், அதைத் திங்கக்கெழமையே நிறுத்தியாச்சு."

அவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். சுவர் மூலையில் அந்தப் பெரிய திரை கறுப்பாக இருந்தது. அதன் ஒரு முனையில் அவருடைய குடை தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு பேனாவை மூடினார்.

"அழிச்சிருங்க," என்றார்.

"சரி சார்."

நான் கதவருகே போனபோது மறுபடி கூப்பிட்டார்.

"மேடம். கணினியை மட்டும் அழிச்சாப் போரும். மெனுவுல பேரு கெடக்கட்டு. டைரக்டர் வந்தா காட்டணும்லா."

எனவே, 'தொடவே கூடாது' தொகுப்பில் முதலாவதாக இருக்கும் பெயரைத் தட்டினால் ஏன் ஒன்றும் திறப்பதில்லை என்று நீங்கள் யாரும் மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம். பழுதுபார்க்கவும் வேண்டாம், நீக்கவும் வேண்டாம். அவர் இன்னும் ஓய்வு பெறவில்லை.